சிறைக்குள் பேசிப் பேசி மனச்சோர்வைக் குறைப்பது எப்படி? குழு உரையாடல் சிகிச்சை: ஓர் எளிய அறிமுகம்

சிறையில் இருக்கும் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது என்று சொன்னால், "உள்ளே இருக்கிறவன் பின்னே சிரித்துக்கொண்டா இருப்பான்?" என்று பலர் உடனே திருப்பிக் கேட்பார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியில் உள்ள தவறுதான் சிகிச்சைக்கு முதல் தடையாக நிற்கிறது. ஸீனா ஃபாஸெல், காத்தரினா ஸீவால்ட் ஆகிய இரு ஆய்வாளர்கள் 24 நாடுகளைச் சேர்ந்த 33,588 சிறைவாசிகளைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2012-இல் வெளியிட்ட தொகுப்பின்படி, ஆண் சிறைவாசிகளில் 10.2 சதவீதத்தினருக்கும் பெண் சிறைவாசிகளில் 14.1 சதவீதத்தினருக்கும் தீவிர மனச்சோர்வு நோய் இருந்தது. வெளியுலகில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். ஆனால் இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது: பத்து ஆண்களில் ஒன்பது பேருக்கு அந்த நோய் இல்லை. சிறைவாசம் தரும் துயரம் எல்லோருக்கும் உண்டு. நோய் சிலருக்கு மட்டுமே வருகிறது. ஆகவே அதைச் சூழ்நிலையின் இயல்பான விளைவு என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குத் தனியாக மருத்துவம் பார்த்தாக வேண்டும்.

மனச்சோர்வு நோயை மருத்துவர்கள் ஒன்பது அறிகுறிகளைக் கொண்டு அடையாளம் காண்கிறார்கள். இடைவிடாத மனவாட்டம், எதிலும் நாட்டமின்மை, தூக்கத்திலும் பசியிலும் மாற்றம், களைப்பு, கவனக் குலைவு, அசைவுகளில் மந்தம் அல்லது பரபரப்பு, தன்னைத் தானே பயனற்றவராகக் கருதுவது, சாவைப் பற்றிய எண்ணம் ஆகிய இவற்றில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரங்களுக்கு ஏறக்குறைய எல்லா நாளும் இருக்க வேண்டும். முதல் இரண்டில் ஒன்றாவது அந்த ஐந்துக்குள் அடங்க வேண்டும். சிறைக்குள் இந்த அளவுகோலை அப்படியே வைத்துப் பார்ப்பது எளிதன்று. இரவு முழுவதும் விளக்கு எரியும் அறையில், நெருக்கியடித்துப் படுத்திருப்பவர் தூங்கவில்லை என்றால் அதற்கு நோய்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சிறைச் சாப்பாட்டை ஒதுக்குபவருக்குப் பசியில்லை என்றும் முடிவுகட்ட முடியாது. ஆகையால் அனுபவமுள்ளவர்கள் வேறு சிலவற்றைக் கவனிப்பார்கள். பார்க்க வந்த தாயைச் சந்திக்க மறுப்பது, வந்த கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருப்பது, அறையைத் திறந்துவிட்ட நேரத்திலும் வெளியே வராமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது போன்றவற்றுக்குச் சிறை விதிகளையோ சிறைச் சாப்பாட்டையோ காரணம் காட்ட முடியாது.

உரையாடல் சிகிச்சை என்ற பெயரைக் கேட்டதும், யாரோ ஒருவர் வந்து நல்லொழுக்கம் பற்றி உரையாற்றிவிட்டுப் போவதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். சிறைகளில் அத்தகைய உரைகளுக்கு எப்போதும் பஞ்சமில்லை. அவற்றால் கேடும் இல்லை, ஆனால் அவை சிகிச்சை அல்ல. உரையாடல் சிகிச்சை என்பது, இன்ன நோய்க்கு இத்தனை வாரம், ஒவ்வொரு கட்டத்திலும் இன்னது செய்ய வேண்டும் என்று வகுக்கப்பட்டு, பலனை அளந்து பார்த்துச் சோதிக்கப்பட்ட ஒரு முறை. அதில் பேசுபவர் பெரும்பாலும் நோயுற்றவர்தான். நடத்துபவரின் வேலை கேள்வி கேட்பதும், பேச்சு வழிதவறாமல் பார்த்துக்கொள்வதும். மனச்சோர்வுக்கான இத்தகைய முறைகளுள் இரண்டு பரவலாக அறியப்பட்டவை. ஆரன் பெக் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, ஒருவரின் எண்ணங்களில் படிந்துபோன கோணல்களைத் தேடித் திருத்துகிறது. மற்றொன்று, ஒருவருக்கும் அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று பார்க்கிறது. இதை உறவுமையச் சிகிச்சை என்று அழைக்கலாம், மருத்துவர்கள் ஐபிடி என்பார்கள். சிறைகளில் குழுவாக நடத்திச் சோதிக்கப்பட்ட முறைகளில் இது முக்கியமானது என்பதால், இக்கட்டுரை இதைப் பற்றியே பேசுகிறது.

இதன் பிறப்பு சற்று வேடிக்கையானது. 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் ஜெரால்ட் கிளெர்மனும் மிர்னா வைஸ்மனும் அவர்களோடு பணியாற்றியவர்களும் ஒரு மனச்சோர்வு மாத்திரையைச் சோதிக்க முற்பட்டார்கள். அக்கால மனநல மருத்துவமனைகளில் மாத்திரையோடு பேச்சும் வழக்கமாக இருந்ததால், சோதனையிலும் பேச்சுக்கு ஓர் இடம் தரவேண்டியிருந்தது. அதற்காக ஒழுங்குபடுத்தி எழுதப்பட்ட வழிமுறைதான் பிறகு தனிச் சிகிச்சையாக வளர்ந்து, 1984-இல் கையேடாக வெளிவந்தது. மாத்திரையின் சோதனைக்குத் துணையாக வந்தது தானே ஒரு மருந்தாகிவிட்டது.

மனச்சோர்வு எக்காரணத்தால் வந்திருந்தாலும், அது தொடங்கிய காலத்தை ஒட்டி அந்த மனிதரின் உறவுகளில் ஏதோ ஒன்று நடந்திருக்கும் என்பதே இந்த முறையின் அடிப்படை. அந்த "ஏதோ ஒன்றை" நான்கு வகைக்குள் தேடுகிறார்கள்: நெருங்கியவரின் சாவு, நெருங்கியவரோடு தீராத பிணக்கு, வாழ்க்கை நிலையில் ஏற்பட்ட பெரிய மாற்றம், நெருங்கியவர் என்று சொல்லிக்கொள்ள எவருமில்லாத தனிமை. நோயாளியும் சிகிச்சையாளரும் சேர்ந்து இவற்றுள் ஒன்றையோ இரண்டையோ தேர்ந்தெடுத்து, எஞ்சிய வாரங்கள் முழுவதும் அதிலேயே நிற்கிறார்கள். குழந்தைப் பருவத்தைத் தோண்டுவதோ கனவுகளுக்குப் பொருள் தேடுவதோ இதில் இல்லை.

இந்த நான்கையும் சிறைச் சுவருக்குள் வைத்துப் பார்த்தால், முறை ஏன் அங்கே பொருந்துகிறது என்பது தானாக விளங்கும். வெளியில் இருப்பவர் தந்தையை இழந்தால் பாடை தூக்குகிறார், பதினாறாம் நாள் காரியம் வரை உறவினர் சூழ இருக்கிறார். உள்ளே இருப்பவருக்குச் செய்தி மட்டுமே வருகிறது, சில சமயம் அதுவும் எரியூட்டிய பிறகு வருகிறது. அழுதால் மற்றவர்கள் பலவீனன் என்று எடைபோடுவார்கள் என்பதால் அழுகையையும் அடக்கிக்கொள்கிறார். பிணக்கு என்று எடுத்துக்கொண்டால், சண்டையிட்ட மனைவியோடு சமாதானமாகப் பேச அவருக்குக் கிடைப்பது கம்பி வலைக்கு அப்பால் நின்று கத்திப் பேசும் சில நிமிடங்கள்தான். நிலை மாற்றம் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை: நேற்றுவரை அப்பா, கொத்தனார், ஊரில் நாலு பேர் மதித்தவர், இன்று ஓர் எண். தனிமையோ கூட்டத்தின் நடுவே இருக்கும் தனிமை, அது இன்னும் கொடியது. தீர்ப்பையும் தண்டனைக் காலத்தையும் எந்தச் சிகிச்சையாளரும் மாற்ற முடியாது. உறவுகளில் சிலவற்றை உள்ளே இருந்தபடியே மாற்ற முடியும். இந்த முறையின் பலமாக நான் கருதுவது இதைத்தான்.

இனி, குழு. தனித்தனியே பார்க்க ஆள் போதாது என்பதால்தான் குழுவாக உட்கார வைக்கிறார்கள் என்று நினைப்பது பாதிக் கணக்கு. ஆறு முதல் பத்துப் பேர் வட்டமாக அமர்கிறார்கள். அதற்கு முன்பே ஒவ்வொருவரையும் நடத்துனர் தனியாகச் சந்தித்து, அவருடைய வாழ்வில் யார் யார் இருக்கிறார்கள், யாரோடு உறவு எப்படி இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடச் செய்து, எந்தச் சிக்கலில் வேலை செய்யப்போகிறார் என்பதை முடிவுசெய்திருப்பார். குழுவுக்குள் வந்ததும், தன் தலையெழுத்து என்று நினைத்திருந்த ஒன்று எதிரில் இருப்பவருக்கும் அப்படியே இருப்பதை ஒருவர் காண்கிறார். அதைவிட முக்கியமானது, பிறருக்கு யோசனை சொல்லும் இடத்துக்கு அவர் வந்துவிடுவது. தன்னால் யாருக்கும் பயனில்லை என்பது இந்நோயின் மையமான நம்பிக்கை. தான் சொன்ன ஒன்றை இன்னொருவர் வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் பயன்படுத்தி, அடுத்த வாரம் வந்து அதன் பலனைச் சொல்லும்போது அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. தனி அறையில் எந்த நிபுணராலும் இதைச் செய்துகாட்ட முடியாது.

நிபுணர்கள் இல்லாத இடத்திலும் இது நடக்குமா என்ற கேள்விக்கு முதலில் விடை சொன்னது சிறை அல்ல, உகாண்டாவின் கிராமங்கள். எய்ட்ஸ் நோய் குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுபோயிருந்த தென்மேற்கு உகாண்டாவில் 30 கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. மனநலப் படிப்பு ஏதும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி கொடுத்து, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, வாரம் ஒன்றரை மணி நேரம், 16 வாரங்கள் குழுக்களை நடத்தச் செய்தார்கள். பால் போல்டனும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட முடிவின்படி, சிகிச்சை பெற்றவர்களில் 6.5 சதவீதத்தினருக்கு மட்டுமே இறுதியில் மனச்சோர்வு நோய் எஞ்சியிருந்தது. சிகிச்சை பெறாதவர்களில் அது 54.7 சதவீதம். இந்த அனுபவத்தின் மேல்தான் உலக சுகாதார நிறுவனம் 2016-இல் குழுவாக நடத்தும் உறவுமையச் சிகிச்சைக்கான கையேட்டை வெளியிட்டது.

சிறையில் இதைப் பெரிய அளவில் சோதித்தவர் ஜெனிஃபர் ஜான்சன் என்ற அமெரிக்க உளவியலாளர். மனச்சோர்வோடு போதைப் பழக்கச் சிக்கலும் இருந்த 38 பெண் சிறைவாசிகளிடம் முதலில் ஒரு சிறு சோதனை நடத்தினார். அதன் முடிவு 2012-இல் வெளிவந்தது. பிறகு இரண்டு மாநிலங்களின் சிறைகளில் 117 ஆண்கள், 64 பெண்கள் என 181 பேரை, குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குச் சிறையில் வழக்கமாகக் கிடைக்கும் மருத்துவம் மட்டும். மற்றதற்கு அதோடு 10 வாரக் குழுச் சிகிச்சை. 2019-இல் வெளியான முடிவில், குழுவில் இருந்தவர்களுக்கு மனச்சோர்வு அறிகுறிகளும் நம்பிக்கையிழப்பும் குறைந்திருந்தன. எதிர்பார்த்த இவற்றோடு, பழைய அதிர்ச்சிகளின் பின்விளைவாக வரும் உளப்பாதிப்பும் குறைந்திருந்தது. சிறைவாசிகளில் மிகப் பலர் உள்ளே வருவதற்கு வெகுகாலம் முன்பே அடியையும் வன்முறையையும் கண்டவர்கள் என்பதால், இதை ஒரு பக்கவிளைவாகத் தள்ளிவிட முடியாது. குழுக்களை நடத்தியவர்களுள் மனநல நிபுணர் அல்லாத சிறை ஆலோசகர்களும் இருந்தார்கள். ஒருவருக்கு ஆன சராசரிச் செலவு, நடத்துனர்களின் பயிற்சியையும் மேற்பார்வையையும் சேர்த்து 2,054 டாலர். அவற்றைக் கழித்தால் 575 டாலர்.

உள்ளே என்னதான் பேசுகிறார்கள்? உண்மையான நபர் எவரையும் குறிக்காமல், இத்தகைய குழுக்களில் வழக்கமாக எழும் ஒரு சிக்கலைக் கற்பனையாக அமைத்துப் பார்ப்போம். ஒருவருடைய பத்து வயது மகள் அவருடைய அக்காவிடம் வளர்கிறாள். பல மாதங்களாகக் குழந்தையை அழைத்துவரவில்லை. அவர் தொலைபேசியில் அக்காவிடம் பேசினார். பேச்சு சண்டையில் முடிந்தது. அன்று முதல் சரியாகச் சாப்பிடவில்லை. குழுவில் இதைச் சொல்லும்போது, "அக்கா என்னைக் கைகழுவிவிட்டாள்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார். நடத்துனர் அந்த வரியை ஏற்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. தொலைபேசியை எடுத்ததும் முதலில் என்ன சொன்னீர்கள் என்று கேட்கிறார். "எல்லோரும் என்னை மறந்துவிட்டீர்கள், இல்லையா என்றேன்." அதற்கு அவர்? "நான் இங்கே படுகிற பாடு உனக்குத் தெரியுமா என்றாள்." அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது? "பிள்ளையை எனக்கு எதிராகத் திருப்புகிறாள் என்று தோன்றியது." அந்த அழைப்பில் அக்காவிடமிருந்து நீங்கள் எதிர்பார்த்தது எது? சற்று யோசித்துவிட்டு, "பிள்ளையை ஒருமுறை அழைத்துவர வேண்டும்" என்கிறார். அப்போது வட்டத்தில் இருக்கும் இன்னொருவர், "அதை நீ கேட்கவே இல்லையே" என்கிறார்.

இந்த இடத்தில் ஒரு நிபுணர் சொல்வதைவிடச் சக சிறைவாசி சொல்வது ஆழமாகப் பதிகிறது. மூன்றாமவர் ஒருவர், தன் மகன் வர மறுத்ததற்குக் காரணம் வாசலில் நடக்கும் சோதனைதான் என்றும், சீருடைக்காரர் கை வைத்துத் தடவியதில் பயந்துவிட்டான் என்றும், அது தனக்கு வெகு நாள் கழித்தே தெரிந்தது என்றும் சொல்கிறார். பிறகு ஒருவர் அக்காவாக நடிக்க, அடுத்த அழைப்பை ஒத்திகை பார்க்கிறார்கள். முதலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி. பிறகு ஒரே ஒரு வேண்டுகோள். அக்கா கோபப்பட்டால் குறுக்கே பேசாமல் இருப்பது. இரண்டு முறை தடுமாறி, மூன்றாவது முறை வந்துவிடுகிறது. அடுத்த அமர்வு, அந்த அழைப்பு எப்படிப் போனது என்ற கேள்வியோடு தொடங்கும். அக்கா அப்போதும் மறுத்திருக்கலாம். அப்படியானால் வேலை வேறு திசைக்கு மாறுகிறது, மகளுக்கு நேரடியாகக் கடிதம் எழுதுவது பற்றியோ, வர முடியாத குழந்தைக்காக வருந்துவது பற்றியோ பேசுகிறார்கள். சிகிச்சையின் சாரம் இத்தகைய சிறு வேலைகளில்தான் இருக்கிறது.

ஆனால் சிறையில் மனம் திறந்து பேசுவது ஆபத்தான காரியம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வெளியில் ஒரு குழுவில் அழுதவர் வீட்டுக்குப் போய்விடுவார். உள்ளே அழுதவர் அதே ஆட்களோடு இரவுச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். யாருக்கு எங்கே வலிக்கிறது என்பது அங்கே ஓர் ஆயுதம். அதனால் ரகசியம் காப்பது பற்றிய உடன்பாட்டை முதல் அமர்விலேயே, அவசரப்படாமல், உறுப்பினர்களே பேசி வகுக்க வேண்டியிருக்கிறது. அதன் எல்லையையும் அப்போதே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: ஒருவர் தன்னை மாய்த்துக்கொள்ளவோ மற்றவரைத் தாக்கவோ தப்பிக்கவோ திட்டமிடுவதாகத் தெரிந்தால் நடத்துனர் மௌனம் காக்க மாட்டார். இதை மறைத்துவைத்து, பிறகு ஒருநாள் நிர்வாகத்திடம் சொல்ல நேர்ந்தால், அந்தக் குழு அன்றோடு முடிந்தது. விசாரணைக் கைதிகள் இருக்கும் குழுவில் வழக்கின் விவரங்களைப் பேசவே கூடாது என்பது என் திடமான கருத்து. உறவைப் பற்றிப் பேச வழக்கைப் பற்றிப் பேச வேண்டிய தேவையும் இல்லை. காவலர் அறைக்கு வெளியே, பார்வை படும் தூரத்தில், காது கேட்காத தூரத்தில் நிற்க வேண்டும். தண்டனை கொடுக்கும் அதிகாரம் உள்ளவரே குழுவை நடத்துவது சரிப்படாது.

இவற்றோடு, எழுத்தில் சிறியதாகவும் நடைமுறையில் பெரியதாகவும் தெரியும் தொல்லைகள் பல. தலை எண்ணும் நேரத்துக்கு அமர்வு பாதியில் நிற்கும். வேறு பிளாக்கில் சண்டை என்றால் எல்லோரையும் அறைக்குள் பூட்டிவிடுவார்கள். நன்றாகத் தேறிவந்தவரை ஒரே இரவில் வேறு சிறைக்கு மாற்றிவிடுவார்கள். கடைசி அமர்வுகளைப் பிரிவுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்று கையேடு சொல்வதற்கு இங்கே தனிப் பொருள் உண்டு, ஏனெனில் சொல்லிக்கொண்டு பிரிந்த அனுபவமே இல்லாதவர்கள் அந்த வட்டத்தில் பலர்.

எல்லோருக்கும் இது போதாது. குரல்கள் கேட்பவர்கள், போதைப்பொருள் விலகலின் நடுவில் உடல் நடுங்கிக்கொண்டிருப்பவர்கள், உடனடித் தற்கொலை ஆபத்தில் இருப்பவர்கள் ஆகியோருக்கு முதலில் மருத்துவரும் கண்காணிப்பும் தேவை. மாத்திரை எடுத்துக்கொள்பவர் குழுவில் சேரத் தடையில்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

இந்தியச் சிறைகளுக்கு இதைக் கொண்டுவர நினைத்தால் முதலில் இடறுவது, உள்ளே இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்ற உண்மை. ஜான்சனின் சோதனை தண்டனைக் கைதிகளை அடைக்கும் சிறைகளில் நடந்தது; இன்னும் எத்தனை மாதம் இருப்பார்கள் என்பது அங்கே தெரியும். இங்கே நாளையே ஜாமீன் வரலாம், மூன்று வருடம் வராமலும் போகலாம். பத்து வாரத்துக்கு ஆட்களை அடைத்துவைத்த மாதிரி திட்டமிடாமல், எட்டு அமர்வுகளில் முடிகிற வடிவத்தையோ, ஒருவர் போனால் இன்னொருவர் சேரக்கூடிய திறந்த குழுவையோ பயன்படுத்துவதே நடக்கக்கூடிய வழி என்று நினைக்கிறேன். இரண்டாவது இடறல் சட்டத்திலேயே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பகுதியிலாவது மனநலச் சிகிச்சை நிலையம் அமைய வேண்டும் என்கிறது, நல்ல விதி. அதே பிரிவு, தம் சிறையில் மனநோயுள்ள கைதி எவரும் இல்லை என்று சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சான்றளித்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்றும் சொல்கிறது. மனநோயாளிகளைச் சிறையில் அடைத்துவைத்த பழைய கொடுமையைத் தடுப்பது அதன் நோக்கமாக இருக்கலாம். ஆனால் "இல்லை" என்று எழுதுவதே கடமையாகிவிட்ட இடத்தில், சத்தம் போடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரை யாரும் தேடிப் போக மாட்டார்கள்.

குடும்பத்தில் ஒருவர் சிறையில் இருந்து, அவரிடம் இத்தகைய மாற்றங்களைக் கண்டால், மனு போட்டுப் பார்க்கச் செல்லும்போதே சிறை மருத்துவ அலுவலருக்கும் கண்காணிப்பாளருக்கும் எழுத்தில் தெரிவித்து, கொடுத்த கடிதத்தின் நகலில் தேதியோடு ஒப்புதல் வாங்கிக்கொள்வது நல்லது. என்ன மாறியிருக்கிறது, எப்போதிலிருந்து, முன்பு இப்படி வந்ததுண்டா, ஏற்கெனவே எடுத்த மாத்திரைகள் எவை ஆகியவற்றை அதில் குறிப்பிட வேண்டும். சாவைப் பற்றி அவர் பேசியிருந்தால் அதையும் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிவிட்டு, கடிதம் மேலே போகும் வரை காத்திராமல், அன்றைக்கே பணியில் இருக்கும் அதிகாரியை நேரில் கண்டு சொல்லிவிட வேண்டும். வழக்கறிஞர் இருந்தால் நீதிமன்றத்தின் வழியாகவும் மருத்துவப் பரிசோதனை கேட்கலாம். வீட்டில் இருப்பவர்களுக்கே தாங்க முடியாமல் போகும் நாட்களில், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.